குழந்தையின் இராக்கால இருமல்



மும்பையில் ஜூன் மாதத்து முதல் மழை இறங்கிய ஓரிரு வாரங்களுக்குள் சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரே விதமான சீட்டுகள் விழத் தொடங்கும். பிள்ளையின் நெஞ்சுச் சளி நீங்க, மகளின் இரவு இருமல் தீர, பேரனின் வீசிங் மாற என்று எழுதியிருப்பார்கள். டில்லியில் தீபாவளி கழிந்து புகைமூட்டம் இறங்கும் நாட்களில் இதே சீட்டுகள் வருவதாக அங்குள்ள உடன் ஊழியர்கள் சொல்வதுண்டு. சளி, இருமல், இழுப்பு, இரைப்பு, வீசிங், பிரைமரி காம்ப்ளக்ஸ் என எல்லாப் பெயர்களையும் அச்சீட்டுகளில் வாசித்திருக்கிறேன். ஆஸ்துமா என்ற பெயரை மட்டும் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பெண் பிள்ளையானால் நாளைக்குத் திருமணப் பேச்சில் இது வந்து நிற்கும் என்ற பயம். பரம்பரை வியாதி என்று கேள்விப்பட்டதனால், தாய் வீட்டிலிருந்து வந்ததா தகப்பன் வீட்டிலிருந்து வந்ததா என்ற வீண் வழக்கு. ஆகவே மருத்துவரே அந்தச் சொல்லைச் சொன்னாலும், வீடு வந்து சேர்வதற்குள் அது வேறு பெயராகிவிடுகிறது. "ஐயா, ஆஸ்துமாவெல்லாம் இல்லை, வெறும் வீசிங்தான்" என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் ஆறுதலோடு சொல்லியிருக்கிறார்கள்.

வீசிங் என்பது வியாதியின் பெயர் அன்று. அது ஓர் ஒலி. குறுகிப்போன மூச்சுக்குழாய் வழியே காற்று வெளியேறும்போது எழும் சீழ்க்கை போன்ற சத்தம். காய்ச்சல் என்று சொன்னால் மலேரியாவா, டைபாய்டா என்று அடுத்துக் கேட்கிறோம் அல்லவா? அதுபோல வீசிங் என்று சொன்னவுடன், எதனால் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாமலே ஆண்டுகள் கழிந்துபோகின்றன. இந்தியாவின் ஒன்பது மையங்களில் பள்ளிப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் நடத்தி 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், வீசிங் உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் கண்டறிந்து சொல்லியிருக்கவில்லை என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ல் உலகம் முழுவதும் இந்த வியாதியால் மரித்தவர்கள் ஏறத்தாழ 4,55,000 பேர். நல்ல மருந்து உள்ள ஒரு வியாதிக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை.

இனி வியாதிக்கு வருவோம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கிச் சிவந்திருக்கிறது. இருமல் இல்லாத நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கிறது. சளிக்காய்ச்சல், புகை, தூசி, குளிர்ந்த காற்று இவற்றில் ஏதேனும் ஒன்று பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே கோழையும் சேர்கிறது. உள்ளே போன காற்று வெளியே வரத் தடுமாறுகிறது. சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில், மருந்தினாலோ தானாகவோ குழாய் மறுபடியும் திறக்கிறது. இப்படி மூடுவதும் திறப்பதுமே இவ்வியாதியின் சுபாவம். காலையில் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருப்பதும், இரவெல்லாம் விழித்திருந்த தாய் பொய் சொன்னவள்போல் நிற்பதும் இதனால்தான்.

பெற்றோர் கவனிக்கவேண்டியது இருமலின் நேரத்தையும் சந்தர்ப்பத்தையும். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். இது இறங்காது, அல்லது இறங்கி மறுபடி வரும். நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன் இருமல் கூடும். பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடினால், சத்தமாகச் சிரித்தால், அழுதால் இருமல் வரும். ஒவ்வொரு முறை சளி பிடிக்கும்போதும் அது நெஞ்சில் இறங்கும். பெரிய பிள்ளைகள் நெஞ்சை யாரோ கட்டினதுபோல் இருக்கிறது என்பார்கள். சிறிய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தெரியாததனால் வயிறு வலிக்கிறது என்று சொல்வதும் உண்டு. விளையாட்டில் சேராமல் ஓரமாக நிற்கும் பிள்ளையைச் சாதுவான பிள்ளை என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். அவன் மூச்சு வாங்குவதனால் நிற்கிறானா என்று ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஒருமுறை பார்க்கலாம். சத்தமின்றி வெறும் இருமலாக மட்டுமே வரும் ஆஸ்துமாவும் உண்டு. தோலில் கரப்பான், காலையில் அடுக்குத் தும்மல், தாய் தகப்பனில் ஒருவருக்கு இழுப்பு இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் பலப்படும்.

நம்மைப்போல ஊரைவிட்டு வந்து வாழ்கிறவர்களுக்கு இன்னொரு தடயமும் கையில் இருக்கிறது. மே மாத விடுமுறைக்கு நாசரேத்துக்கோ தென்காசிக்கோ போனால் பிள்ளை இரவெல்லாம் நன்றாகத் தூங்குகிறது; ஜூனில் தாதரில் ரயிலைவிட்டு இறங்கிய மறுவாரமே இருமல் தொடங்குகிறது. ஊர்த் தண்ணீர் நல்லது, இந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்று பேசி முடித்துவிடுகிறோம். தண்ணீரைவிடக் காற்றையும் வீட்டையும் சந்தேகிப்பதே நியாயம். இந்தச் செய்தியை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இடம் மாறினால் வியாதி மாறுகிறது என்பது அவருக்கு மிகவும் பயன்படும் விவரம்.

ஆனாலும் வீசிங் எல்லாம் ஆஸ்துமா அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது. வைரஸ் சளி வந்தாலே அது ஒலிக்கும். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980 முதல் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வொன்று உண்டு. மூன்று வயதுக்குள் வீசிங் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று 1995ல் அவர்கள் எழுதினார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வது பாதிக்கு மேல் உண்மைதான். மீதியுள்ள பிள்ளைகள் யார் என்று கண்டுபிடிப்பதே மருத்துவரின் வேலை. இதுவரை நன்றாயிருந்த குழந்தை, நிலக்கடலையோ பொம்மையின் துண்டையோ வாயில் வைத்திருந்தபோது புரையேறி, அதன்பின் வீசிங் வந்தால் அது மூச்சுக்குழாயில் பொருள் சிக்கியதாக இருக்கலாம். அதற்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. பால் குடிக்கும்போதே வியர்த்து, எடையும் ஏறாத குழந்தைக்கு இருதயத்தைப் பார்க்கவேண்டும்.

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயரைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். தமிழ்க் குடும்பங்களில் இப்பெயர் அறியாதவர் இல்லை. அது பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைக் காசநோய். காசநோய் இந்நாட்டில் மெய்யாகவே உள்ளது. விட்டுவிடாத காய்ச்சல், எடை குறைதல், வீட்டிலோ அடுத்த வீட்டிலோ காசநோயாளி இருத்தல் இவை இருந்தால் தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும். ஆயினும் நீடித்த இருமல், ஒரு மங்கலான எக்ஸ்ரே, கையில் போட்ட மாண்டூ ஊசி தடித்தது, இவ்வளவோடு ஆறு மாத மாத்திரை தொடங்கப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மாண்டூ தடித்தால் அக்கிருமியின் தொற்று உடலில் எப்போதோ சேர்ந்திருக்கலாம் என்று பொருள்; இன்று இருமலுக்குக் காரணம் அதுவே என்று அது நிரூபிப்பதில்லை. ஆறு மாதத்தில் பருவம் மாறுகிறது, இருமல் குறைகிறது, மருந்து கேட்டது என்று நினைக்கிறோம். அடுத்த மழைக்கு மறுபடியும் இருமல் வருகிறது. கிருமியைப் பரிசோதித்துப் பார்த்தீர்களா, ஆஸ்துமாவாக இருக்குமா என்று பணிவோடு கேட்பதில் மருத்துவரை அவமதிப்பது ஒன்றும் இல்லை.

மருத்துவர் ஆஸ்துமாவை எப்படித் தீர்மானிக்கிறார்? எக்ஸ்ரேயில் அது தெரியாது. வேறு வியாதி இல்லை என்று பார்க்கவே பெரும்பாலும் எக்ஸ்ரே எடுப்பது. இரத்தத்தில் ஒவ்வாமை அணுக்கள் கூடியிருப்பதும் தனியே சாட்சியாகாது. அவருக்கு முதலாவது வேண்டியது நீங்கள் சொல்லும் வரலாறு. அதை வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது மேல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். எத்தனை மணிக்கு இருமல், என்ன செய்துகொண்டிருந்தபோது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்பதே போதும். இரவில் பிள்ளை மூச்சு வாங்கும்போது செல்போனில் அரை நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை நீக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி எடுக்கவேண்டும். காலையில் பிள்ளை சரியாகிவிட்டாலும் இரவு நடந்ததை மருத்துவர் கண்ணாலே காணலாம்.

ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற சோதனை உண்டு. ஊசி இல்லை, வலி இல்லை. மூச்சை நன்றாக இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊதவேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதைக் கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை இன்ஹேலரில் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அளவு 12 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் மூடிய குழாய் திறந்தது என்று அறிந்து, ஆஸ்துமாவைப் பெரும்பாலும் உறுதி செய்கிறார்கள். நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் அளவு சரியாகவே இருக்கக்கூடும். ஒரு சோதனை சரியாக வந்ததனாலேயே வியாதி இல்லையென்று ஆகிவிடாது. மும்பையில் சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளிலும் பரேலிலுள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவப் பிரிவுகள் உண்டு. ஊதத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் இரண்டு மூன்று மாதம் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்ப்பதுண்டு. இருமல் அடங்கி, மருந்தை நிறுத்தியபின் திரும்பினால் அதுவே விடையாகிறது. அந்த மாதங்களில் நீங்களாக மருந்தை இடையில் விட்டுவிட்டால் விடை கிடைக்காது.

இன்ஹேலர் என்றவுடன் பின்வாங்குகிறவர்கள் அநேகர். பழகிவிடும், கடைசி மருந்து, இருதயத்துக்கு ஆகாது என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து உள்ளது. அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான். ஒரு சிறு கரண்டி சிரப் இருபது அழுத்தத்துக்குச் சமம். அதுவும் வயிறு, இரத்தம், இருதயம் எல்லாவற்றையும் சுற்றியே நெஞ்சுக்கு வருகிறது. சிரப் குடித்த பிள்ளையின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால். இன்ஹேலரோ நேரே நுரையீரலுக்குப் போகிறது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்னும் குடுவையோடு கொடுக்கவேண்டும். அது வாங்க இயலாத ஏழைகளுக்காக, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசரும் நன்றாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் ஹெதர் ஸாரும் உடன் பணியாளரும் 1999ல் காட்டினார்கள்.

திறக்கும் மருந்து அந்த நேரத்து நிவாரணமே. உள்ளிருக்கும் வீக்கத்தை ஆற்றுவது தினந்தோறும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு நாம் பயப்படுவதும் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இதை எடுத்த பிள்ளைகள் வளர்ந்தபோது உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது என்று 2012ல் வெளியான ஆய்வு கூறுகிறது. மூச்சுத்திணறல் வரும்போதெல்லாம் மாத்திரையாகவும் ஊசியாகவும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். என் நிதானிப்பில் இதில் தயங்க இடமில்லை.

கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் புறநகர் ஒன்றில் நடந்ததைச் சொல்லவேண்டும். உபவாசக் கூட்டத்தில் ஒன்பது வயதுச் சிறுமிக்காக ஜெபித்தார்கள். பெற்றோர் இருவரும் விசுவாசத்தோடு இன்ஹேலர்களைக் குப்பையில் போட்டார்கள். ஐந்து வாரம் இருமல் இல்லை, மேடையில் சாட்சியும் சொன்னார்கள். ஆறாம் வாரம் அடுத்த வீட்டில் சுவருக்கு வர்ணம் பூசினார்கள். அன்றிரவு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது உதடு நீலித்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து, பிழைத்து வந்தாள். தகப்பன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எங்கள் விசுவாசத்தில் என்ன குறை, ஐயா?" என்பதே. விசுவாசத்தில் அன்று குறை. ஐந்து வாரம் இருமல் இல்லாதிருப்பது இவ்வியாதியின் போக்கிலேயே உள்ளது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியர்களிடம் தங்களைக் காண்பிக்கும்படி ஆண்டவரே அனுப்பினார். சுத்தமானவனை ஆசாரியன் பார்த்தறிந்து, ஏழு நாள் காக்கவைத்து, அதன்பின்னரே முழுவதுமாகச் சேர்த்துக்கொள்வது லேவியராகமம் 14ல் காணும் முறைமை. பிள்ளை சுகமடைந்தது என்று நம்புகிற பெற்றோர் மருந்தை எறிவதற்கு முன் மருத்துவரிடம் காண்பிக்கட்டும். அவர் மறுபடி ஊதச் சொல்லிப் பார்க்கட்டும். மூன்று மாதம் நன்றாயிருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது அவர்களுடைய வழக்கமே. மேடையில் நிற்கும் ஊழியர்களும் மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தையை வாயில் எடுக்காதிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டைப்பற்றிச் சில வார்த்தைகள். பெங்களூரில் டாக்டர் எச். பரமேஷ் தம்முடைய மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளைக் கணக்கிட்டபோது, ஆஸ்துமா உள்ளவர்கள் 1979ல் 9 விழுக்காடும் 1999ல் 29.5 விழுக்காடுமாக இருந்தார்கள். அவர் கண்டது மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை மாத்திரமே என்றாலும், நகரம் வளர்ந்தபோது வியாதியும் வளர்ந்ததை அது காட்டுகிறது. நகரத்துக் காற்றை நாம் மாற்ற முடியாது. ஒற்றை அறை வீட்டில் இரவு முழுவதும் எரியும் கொசுவர்த்திச் சுருளை மாற்றலாம், கொசுவலை கட்டலாம். மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சையைத் துடைத்து, பிள்ளையின் பாயை அச்சுவரை விட்டுத் தள்ளிப் போடலாம். பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் கரப்பான் பூச்சியும் பலர் நினைப்பதைவிடப் பெரிய காரணங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பிள்ளையை மெலிய வைக்காதிருங்கள். குறிப்பிட்ட ஓர் உணவால் வருகிறது என்று தெளிவாகக் கண்டாலன்றி அது தேவையில்லை.

எப்போது ஓடவேண்டும் என்பதை வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கும் சொல்லிவையுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் பள்ளம் விழுதல், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுதல், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமை, பால் தண்ணீர் குடிக்க முடியாமை, உதடு நீலித்தல், பிள்ளை துவண்டு மயங்குதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திறக்கும் மருந்தை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு கேட்ட சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறுமானால் அது குணமன்று. காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். எத்தனை அழுத்தம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். அந்த இரவில் எவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது.

பள்ளிக்கும் இந்தச் சீட்டின் நகல் ஒன்று போகவேண்டும். இங்கே பெயரை மறைக்கிற ஆசை மீண்டும் தலைதூக்கும். வகுப்பு ஆசிரியையிடம் ஆஸ்துமா என்ற சொல்லைச் சொல்லியே கொடுங்கள். பிள்ளையின் பையில் எந்த அறையில் இன்ஹேலர் இருக்கிறது என்பதையும் அவருக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.